சர்வருக்குப் பார்த்த நல்ல நேரம்

எனக்குக் கோபம் மூக்குமேல் என்று வீட்டிலும் ஆபீசிலும் சொல்வார்கள். பாதிக்கு மேல் அது கோபமே இல்லை, பயம். பயந்துபோனால் சிடுசிடுப்பேன். அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்தவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நழுவிவிட்டார்.

போடியில் ஏலக்காய் வாங்கி ஏலத்துக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எல்லாம் என் தலையில். மலைமேல் எங்களுக்கு டிப்போக்கள் உண்டு. தோட்டக்காரர்கள் காய்ந்த காயை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். டிப்போக்காரர் எடைபோட்டு டேப்லெட்டில் பதிவார். அந்தப் பதிவு கீழே போடி ஆபீசுக்கு வந்து சேர்ந்தால்தான் மூட்டைகளுக்கு ஏலத்தில் இடம். சனிக்கிழமை ஏலத்துக்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு பதிவு முடியும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அடுத்த ஏலம்தான், அதற்குள் காயின் நிறம் மங்கிவிடுமே என்று தோட்டக்காரர்கள் தவித்துப்போவார்கள்.

டேப்லெட் கீழே இருக்கும் எங்கள் சர்வரோடு பேச ஆரம்பிக்கும்போது, "நான் நம்ம ஆள்தான்" என்று ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்து கைக்கு வந்தபடி செய்துவைத்த சான்றிதழ்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டிருந்தன. இனி ஒழுங்காகச் செய்வோம் என்று, சான்றிதழ்களை உண்டாக்கிக் கொடுக்கவும் கணக்கு வைக்கவும் தனியாக ஒரு சர்வர் வாங்க வைத்தேன். மதுரையிலிருந்து வந்தவர் மென்பொருளை ஏற்றிக் கொடுத்து, "இன்ஸ்டாலேஷன் முடிஞ்சிருச்சு மேடம்" என்று கைகுலுக்கிவிட்டுப் பஸ் ஏறினார். போகும்போது ஒரு தாளையும் கொடுத்தார். ஏற்றிய பிறகு செய்ய வேண்டியவை என்று இரண்டு பக்கம். வீட்டுக்குக் கதவு ஜன்னல் வைத்தாயிற்று, குடிபோவதுதான் பாக்கி என்று நினைத்திருந்த எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் அஸ்திவாரமே இனிமேல்தான் என்று தெரிந்தது.

தாளில் முக்கியமானது மூலச் சான்றிதழ். மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அதுதான் தாய். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அதன் பிறகு பிறக்கும் எதுவும் நிற்காது. இதை முதலாளிக்கு விளங்கவைக்கலாம் என்று, "அய்யா, இது தாய் மாதிரி, இதுக்குப் பொறந்த நேரமெல்லாம் உள்ள எழுதியிருக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன். நான் செய்த முதல் தப்பு அது.

முதலாளிக்கு அறுபது வயது. காயைக் கையில் அள்ளினாலே எந்தப் பக்கத்துச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். நல்ல நேரம் பார்க்காமல் தராசுக்கு எடைக்கல்கூட வாங்க மாட்டார். நான் சொன்னதும் நேராகப் போய்ச் சுவரில் தொங்கிய காலண்டர் தாளைப் புரட்டினார்.

"வெள்ளிக்கெழம வளர்பிறை. ஒம்பதரையிலருந்து பத்தரைக்குள்ள. நான் வந்து என் கையால பட்டனை அமுக்குறேன். அதுக்கு முன்ன நீ எதையும் தொட்டுராத ஆத்தா."

"அய்யா, மேட்டு டிப்போவோட பழைய சான்றிதழ் வெள்ளிக்கெழம காலையில ஆறு மணிக்கு முடிஞ்சுபோயிரும். பத்தரைக்கு மேல புதுசைச் செஞ்சு மேல அனுப்பி ஏத்தணும்னா பன்னெண்டுக்குள்ள முடியுமான்னு தெரியல."

"ஒன்றரை மணி நேரம் இருக்குல்ல. நல்ல நேரத்துல ஆரம்பிச்சாப் போதும், மிச்சத்தை வெரசாப் பண்ணு."

மேட்டு டிப்போ என்று நாங்கள் சொல்வது போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டி இருப்பது. பனி இறங்கினால் அங்கே சிக்னல் போய்விடும். போன முறை ஒரு சின்ன ஃபைலை அனுப்ப அரை நாள் ஆனது. அதோடு இன்னொன்று, முதலாளி பக்கத்தில் நின்றால் எனக்குக் கை ஓடாது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்யும் வேலையை, அவர் கற்பூரத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்வதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அதனால் வியாழக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிடப் போனதும், திருட்டு வேலை செய்தேன். சர்வரின் கடிகாரத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்து, இன்றைக்கே எல்லாவற்றையும் செய்துவிடுவது. சான்றிதழில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பத்திரண்டு என்றுதான் விழும். டிப்போவுக்கு உரியதையும் அதே சூட்டில் செய்து இன்றே மேலே அனுப்பிவிடலாம். நாளைக்கு அவர் வந்து ஏதோ ஒரு பட்டனை அமுக்கட்டும், பட்டியலைக் காட்டும் பட்டனாகப் பார்த்து வைத்துவிடலாம். அவருக்கும் திருப்தி, எனக்கும் நிம்மதி. ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

சர்வரின் கடிகாரம் அப்போது காலை எட்டே முக்கால் என்று காட்டியது. வெளியே மத்தியான வெயில். புதுப் பெட்டி, நேரம் தாறுமாறாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தானாக நேரம் பார்த்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு, கையால் வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பத்திரண்டு என்று வைத்தேன். மூலச் சான்றிதழ் பிறந்தது. அதன் கீழ் மேட்டு டிப்போவின் சான்றிதழ். பிறகு என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வியாழக்கிழமைக்குத் திரும்ப வைத்தேன். மூலச் சான்றிதழின் ரகசியச் சாவி இருந்த ஃபைலைப் பிரதி எடுத்துப் பென்டிரைவில் போட்டு பீரோவில் பூட்டினேன்.

டிப்போக்காரருக்குப் போன் செய்தேன். ஐம்பதைத் தாண்டியவர், இருபது வருஷமாக அந்த டிப்போவில் இருப்பவர், என்னைத் தங்கச்சி என்பார். ஃபைலை அனுப்பினேன். அவர் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடந்துபோய் இறக்கிக்கொண்டார்.

"ஏத்திட்டேன் தங்கச்சி. ஆனா பூட்டுப் படம் செவப்பா இருக்கே?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முன்ன பச்சையாயிரும்ண்ணே. அது வரைக்கும் தொடாதீங்க."

"எதுக்குத் தொடப்போறேன். போன தடவ வாங்கிக் கட்டுனது போதாதா" என்று சிரித்தார்.

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மழைக்காலத்தில் ஒரு நாள் பாதையில் மண் சரிந்து, ஒரு பெண்ணின் மூட்டைகளை ஏற்றிவந்த ஜீப்பு பன்னிரண்டே காலுக்குத்தான் டிப்போவுக்கு வந்தது. அவர் டேப்லெட்டின் நேரத்தை அரை மணி பின்னால் தள்ளி அந்த மூட்டைகளைப் பதிந்துவிட்டார். அதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் சொன்னது நான். அன்றைக்கும் எதற்கோ பயந்து எரிச்சலில் இருந்தேன். "இன்னொரு தடவ டைமுல கை வச்சா அப்படியே எறங்கி வந்துரு" என்று முதலாளி அவரை எச்சரித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளி ஒன்பதரைக்கே வந்துவிட்டார். சர்வர் அறையில் கற்பூரம் கொளுத்தினால் புகை மணி அடிக்கும் என்று கெஞ்சி, தட்டை வாசலிலேயே நிறுத்தினேன். சந்தனத்தைக் குழைத்து சர்வரின் முகப்பில் காற்றுப் போகும் ஓட்டைகள் மேலேயே ஒரு பொட்டு வைத்தார். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு நான் காட்டிய பட்டனை அமுக்கினார். திரையில் பட்டியல் வந்தது. பிறந்த நேரம் எங்கே என்று கேட்டார், காட்டினேன். வெள்ளி, 09:42. கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். எனக்குக் குற்ற உணர்ச்சியும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் விழுங்கினேன்.

பத்து மணிக்கு மேட்டு டிப்போவிலிருந்து போன். பூட்டு இன்னும் சிவப்பு.

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பத்தே காலுக்கு மறுபடி போன், சிவப்பு. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நேரம் வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். வாசலில் பன்னிரண்டு தோட்டக்காரர்கள் மூட்டையோடு நிற்கிறார்கள் என்றார். மதுரைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். முதலாளி பக்கத்தில் நின்றார்.

"டேப்லெட்டுல நேரம் தப்பா இருக்கும் மேடம். நூத்துக்குத் தொண்ணூறு தடவ அதான். யாராச்சும் மாத்தியிருப்பாங்க" என்றார் அவர்.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. "திரும்பவும் மாத்திப்புட்டானா?"

"இல்லய்யா, பாக்குறேன், இருங்க" என்றேன். அதற்குள் அவர் தன் போனில் மேட்டு டிப்போவைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. பதறினால் அவர் பேச்சில் மலையாளம் கலந்துவிடும்.

"சத்தியமாயிட்டு அய்யா, நான் தொட்டில்ல, தொட்டில்ல..."

"இருவது வருசமா ஒன்ன வச்சிருந்தேன். நல்ல நேரம் பாத்து ஒரு காரியம் ஆரம்பிச்ச அன்னைக்கே கை வச்சிட்ட. ஜீப்பு மேல வரும். சாவியை டிரைவர்கிட்டக் குடுத்துட்டு எறங்கிரு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பத்தரை தாண்டிருச்சு, ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் நீயும் எதையும் தொடாத. போனது போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். யாரோ வியாபாரி வண்டியில் காத்திருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நேற்று மத்தியானம் செய்தது வெளியே வரும். என் வேலை போகும் என்பதைவிட, அவர் கண்ணை மூடி நின்றது பொய்க்கு முன்னால் என்று அவருக்குத் தெரிந்துபோவதை நினைத்துத்தான் பயந்தேன். அந்தச் சான்றிதழை என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன், ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே என்று.

அதில் வேறு நேரம் இருந்தது. வெள்ளி, பிற்பகல் மூன்று பன்னிரண்டு.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு பையிலிருந்து மதுரைக்காரர் கொடுத்த தாளை எடுத்தேன். இரண்டு பக்கத்தில் முதல் வரி: சர்வரின் நேரப் பகுதியை இந்தியாவுக்கு மாற்றவும். இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் தாண்டிப்போன வரி. பெட்டி இன்னும் இங்கிலாந்து நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வைத்த ஒன்பது நாற்பத்திரண்டு அங்கத்து ஒன்பது நாற்பத்திரண்டு. ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு மூன்று பன்னிரண்டு. அனிச்சையாகக் காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எமகண்டம் மூன்றிலிருந்து நாலரை.

டேப்லெட்டில் ஒரு கோளாறும் இல்லை. அது சொன்னதுதான் உண்மை.

மணி பத்து ஐம்பது. எல்லாவற்றையும் அழித்து, நேரப் பகுதியையும் கடிகாரத்தையும் திருத்தி, தாயைத் திரும்பப் பெற்றெடுத்து, டிப்போவுக்கு உரியதைச் செய்து, பனியில் மேலே அனுப்ப வேண்டும். அதுவும் ராகு காலத்தில், தொடாதே என்று சொன்ன பிறகு. பன்னிரண்டு மூட்டைக்காரர்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீபோர்டில் தப்புத் தப்பாக அடித்தேன், கடவுச்சொல்லை மூன்று தடவை தவறவிட்டேன். ஒவ்வொரு தடவை தெருக்கதவு சத்தம் கேட்டபோதும் தூக்கிவாரிப்போட்டது. பதினொன்று எட்டுக்குப் புதிய மூலச் சான்றிதழ் பிறந்தது. இந்தத் தடவை லேப்டாப்பிலும் அதே நேரத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

டிப்போக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, புது ஃபைல் ஒண்ணு அனுப்புறேன். பழசை எடுத்துட்டு இதை ஏத்துங்க. வெரசா."

"எனக்குத்தான் சோலி போயிருச்சே தங்கச்சி. சாவியக் கையில வச்சுக்கிட்டு ஜீப்புக்கு நிக்கிறேன்."

"ஏத்துங்கண்ணே, ஒங்களைக் கும்பிடுறேன்."

"நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க. அனுப்பு" என்றார். நடக்கும் சத்தம் கேட்டது, மூச்சு வாங்கியது. நடந்துகொண்டே சொன்னார்: "அய்யாவுக்கு இப்பத்தான் போன் பண்ணேன். நான்தான் மாத்திட்டேன், தெரியாம கை பட்டுருச்சு, மன்னிச்சிருங்கன்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டா விட்டுருவாருன்னு பாத்தேன். விடல."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஃபைல் ஏறட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் வளைவில் நின்று டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பதை நினைத்துக்கொண்டு, என் திரையில் நூற்றுக்குப் பதினேழில் நின்றுவிட்ட எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு. பதினேழு. பிறகு நாற்பது. பதினொன்று முப்பத்தைந்துக்கு, "பச்சை வந்துருச்சு" என்றார். அடுத்த இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு பேரின் பதிவுகளும் ஒவ்வொன்றாகக் கீழே வந்து சேர்ந்தன. கடைசிப் பதிவு பதினொன்று ஐம்பத்தாறு.

முதலாளி உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"வந்துருச்சுல்ல? ஒத்துக்கிட்டான், இப்பச் சரியாவும் ஆக்கிட்டான். கள்ளப் பய. வேற ஆளைப் பாக்கணும்."

எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது. நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். செய்யாதவரே செய்தேன் என்று சொல்லிவிட்டார். சும்மா இருந்துவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். எவ்வளவு நேரம் நினைத்தேன் என்று தெரியவில்லை, முதலாளி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டும் வரைக்கும்.

"அய்யா, அவரு மாத்தல. நான்தான் மாத்துனேன்."

திரும்பி வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று மத்தியானம் செய்ததை, அவர் அமுக்கிய வெறும் பட்டனை, தாளின் முதல் வரியை, மூன்று பன்னிரண்டை, ராகு காலத்தில் தொட்டதை. அழுகை வந்தது, அழுதுகொண்டே கோபமாகவும் பேசினேன் என்று நினைக்கிறேன், அவர்மேல்கூட. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எமகண்டத்துல பொறக்க இருந்ததை ராகு காலத்துல பெத்திருக்க. நல்லா இருக்கு ஆத்தா ஒன் சோலி" என்றார். அதில் சிரிப்பு இல்லை. ரொம்ப நேரம் சர்வரில் தான் வைத்த பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைய ஏமாத்துனதை அப்பறம் பேசிக்கலாம். மேல போற ஜீப்பு இன்னும் கெளம்பல. சாவி வாங்கப் போற வண்டியில நீ போ. போன்ல சொல்லாத, மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அவன் அங்கயே இருக்கட்டும்."

அதன் பிறகு பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டும் அனுப்பவில்லை.

ஜீப்பில் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதில், டிப்போ வந்தது தெரியவில்லை. டிப்போக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே ஒரு காலி மூட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தூக்கு, குடை, ஒரு பழைய ஸ்வெட்டர் எல்லாம் பக்கத்தில் ஒரு பையில் இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து சாவியை நீட்டினார்.

"சாவி வேண்டாம்ண்ணே" என்றேன். வழியெல்லாம் சேர்த்துவைத்த எதுவும் வரவில்லை. "நேரத் தப்பு ஒங்க டேப்லெட்டுல இல்ல. கீழ சர்வர்ல. நான் மாத்துனது. அய்யாகிட்டச் சொல்லிட்டேன். நீங்க இங்கயேதான் இருக்கணும்னு சொன்னாரு."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப நான் தொடலையா?"

"தொடலண்ணே."

"இல்ல தங்கச்சி, காலையில டேப்லெட்டைத் துணியால தொடச்சேன். பனி ஈரம். அப்பக் கை பட்டிருக்குமோன்னு யோசிச்சு யோசிச்சு, பட்டிருக்கும்னே முடிவு பண்ணிட்டேன். வீட்டுலயும் அப்படித்தான் சொல்லிவச்சிருக்கேன்."

"தொடலண்ணே. நான்தான்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனை எடுத்து ஒரு நம்பரை அமுக்கி என்னிடம் நீட்டினார். "வீட்டுலதான் எடுப்பா. நீயே சொல்லிரு. நான் சொன்னா, சமாளிக்கிறேன்னு நெனச்சுக்குவா."

காதில் வைத்தேன். அந்தப் பக்கம் எடுத்த அவர் மனைவி, பேசப்போவது யாரென்று தெரியாமல், "ஜீப்பு வந்துருச்சா? இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க. கால்ல விழுந்தாச்சும் கேளுங்க" என்றார்.

நான் யாரென்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.